கை மாறிய கார்

மாட்டுச் சந்தையில் பேரம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தம் கையின் மேல் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவர் அந்தத் துண்டுக்குள் கையை நீட்டுவார். உள்ளே விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரகசியம் விலையில் மட்டுந்தான். மாட்டில் இரகசியம் குறைவு. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நாலு அடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கலாம்.

பழைய கார் விற்கும் இடத்தில் எல்லாம் தலைகீழ். விலையைக் கண்ணாடியிலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். இரகசியம் அத்தனையும் வண்டிக்குள்ளே இருக்கும். காருக்கும் பல் உண்டு. கியர் பெட்டிக்குள் சுழலும் சக்கரங்களெல்லாம் பல்சக்கரங்களே. அந்த வாயை யார் திறந்து காட்டப் போகிறார்கள்? அதிலும், தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார் என்றால், வாயும் இறுக மூடியிருக்கும். பல்லுக்குப் பக்கத்தில் எண்ணெயும் வால்வுகளும் மின்சாரக் கம்பிகளும் குடித்தனம் செய்யும்.

குதிரையின் பல்லை அரத்தால் ராவி, கிழட்டுக் குதிரையை வாலிபக் குதிரையாக்கி விற்ற தரகர்கள் ஐரோப்பாவில் இருந்திருக்கிறார்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி, கிழட்டுக் காரை வாலிபக் காராக்கும் கலை அவர்கள் விட்டுச் சென்ற ஆஸ்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்ததற்கு ஒரு வாசகர் காரணம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டிலே அம்மாளுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள், பதினெட்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வர வேண்டும். கையிலே இருப்பது மூன்று லட்ச ரூபாய். "இடது காலுக்கு வேலை வைக்காத பழைய கார் ஒன்று வாங்கலாமென்று எண்ணம். தங்கள் கதைகளில் கார்கள் அடிக்கடி வருவதால் தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார். என் கதைகளில் யானைகளுந்தான் அடிக்கடி வருகின்றன. அதற்காக யாரும் என்னிடம் யானை வைத்தியம் கேட்டதில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. அந்த மூன்று லட்சம் ஏமாந்து போனால் நான்காவது லட்சம் அவரிடம் கிடையாது. ஆகவே பழைய கணக்குகளைப் புரட்டினேன். அகப்பட்டது ஒரு நல்ல சரித்திரம்.

அதை இடது காலின் சரித்திரம் என்றே சொல்லலாம். 1908-ல் ஹென்றி ஃபோர்டு தம்முடைய 'மாடல் டி' காரை வெளியிட்டார். அதில் மூன்று மிதிகள். வேகத்தைக் கூட்டுவது காலால் அல்ல, சக்கரத்தண்டில் உள்ள ஒரு கைப்பிடியால். இடது மிதியை முழுக்க அழுத்தினால் மெதுவான கியர். பாதி அழுத்தினால் எதிலும் சேராத நிலை. விட்டுவிட்டால் வேகமான கியர். அந்தக் காலத்து மற்றக் கார்களோ இன்னும் பிடிவாதக்காரக் கார்கள். கியர் மாற்ற வேண்டுமானால் கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவில் எஞ்சினின் வேகத்தைக் காதால் கேட்டுச் சரிப்படுத்த வேண்டும். சற்றுத் தவறினால் பெட்டிக்குள் பற்கள் நறநறவென்று கடிக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

இந்தப் பற்கடியை நிறுத்தியவர் ஏர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்கர். இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகே பற்கள் சேரும்படி அவர் செய்த ஏற்பாடு 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது. தாம்ஸன் அத்துடன் நிற்கவில்லை. கிளச்சையே ஒழித்துவிட்டால் என்ன என்று கிளம்பினார். இதற்கு ஓர் உதவி, கப்பல் கட்டும் துறையிலிருந்து ஏற்கனவே வந்திருந்தது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர், கப்பல் யந்திரத்தின் சக்தியைத் திரவத்தின் மூலமாகவே விசிறிக்குக் கடத்தும் வழியை 1905-ல் பதிவு செய்திருந்தார். விஷயம் எளியது. இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் தொடர்பு உண்டு, ஆனால் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் நிற்கலாம். கிளச்சுக்கு வேலை போயிற்று.

தாம்ஸனின் குழு செய்த 'ஹைட்ராமாடிக்' பெட்டி 1939-ல் அறிவிக்கப்பட்டு, 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்தது. அதிகப்படியாக 57 டாலர் கொடுத்தால் கிளச் மிதியே இல்லாத கார் கிடைக்கும். முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். நான்கையும் கார் தானே மாற்றிக்கொள்ளும். அடுத்த வருஷம் காடிலாக்கிலும் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது. கார்த் தொழிற்சாலைகள் டாங்கிகள் செய்தன. அமெரிக்காவின் 'எம் 5' என்ற சிறு டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமாடிக் பெட்டி. சௌகரியத்துக்காக ஏற்பட்ட ஒன்று சேற்றிலும் மணலிலும் பரீட்சை கொடுத்துவிட்டு வந்தது.

யுத்தத்திலிருந்து மனிதர்களும் திரும்பி வந்தார்கள். எல்லோரும் முழுசாகத் திரும்பவில்லை. காலிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1946 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. காலை இழந்த அல்லது கால் செயலற்றுப் போன இரண்டாம் உலகப் போர் வீரர் ஒவ்வொருவருக்கும் கார் வாங்க 1,600 டாலர் வரை சர்க்கார் கொடுக்கும் என்பது அது. ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி, ஹைட்ராமாடிக்குடன் வேறு சில கைக்கருவிகளையும் பொருத்தி அவர்களுக்கென்றே கார்கள் தந்தது. கிளச் இல்லாத காரைச் சோம்பேறிகளின் வாகனம் என்று பரிகசிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தச் சட்டத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்வது நல்லது. ஒருவனுக்குச் சௌகரியமாக இருப்பது இன்னொருவனுக்கு வீட்டு வாசலைத் தாண்டும் வழியாக இருக்கிறது.

1948-ல் பியூக் கார்களுக்கு 'டைனாஃப்ளோ', 1950-ல் ஷெவர்லேக்கு 'பவர்கிளைடு' என்று வரிசையாக வந்தன. ஷெவர்லே மலிவு விலைக் கார். ஆகவே தானியங்கிக் கார் அதோடு நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. நமக்கு வேண்டிய கதையும் இங்கேதான் ஆரம்பமாகிறது. ஏனென்றால் புதுக் கார் ஒவ்வொன்றும் சில வருஷங்களில் பழைய காராகிறது. சாதாரண மனிதன் கைக்கு அது பெரும்பாலும் அப்போதுதான் வந்து சேருகிறது.

1953 ஆகஸ்டு 12-ந் தேதி மிச்சிகனில் லிவோனியா என்ற ஊரிலிருந்த ஹைட்ராமாடிக் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து போயிற்று. கார்களை நிறுத்தி வைக்க முடியுமா? காடிலாக்குகளிலும் ஓல்ட்ஸ்மொபீல்களிலும் பியூக்கின் டைனாஃப்ளோவை வைத்து அனுப்பினார்கள். பான்டியாக்குகளில் பவர்கிளைடை வைத்தார்கள். வெளியே ஒரே கார், ஒரே பெயர், ஒரே வர்ணம். உள்ளே வேறு பெட்டி. சில வருஷங்களுக்குப் பிறகு அதைப் பழைய காராக வாங்கியவனுக்கு, எந்த மாதத்துக் கார் என்பது கூட முக்கியமாகிவிட்டது. காரின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, உள்ளே இருக்கும் பெட்டி எந்த ஜாதி என்றும் கேட்க வேண்டும் என்பது அந்தத் தீ கற்பித்த பாடம்.

பழைய கார் வியாபாரிகளின் கீர்த்தியும் அந்தக் காலத்தில் ஓங்கி வளர்ந்தது. தேய்ந்த கியர் பெட்டி இரையாமல் இருக்க அதில் மரத்தூளைப் போட்டு மூடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1960 ஜனாதிபதி தேர்தலில் நிக்ஸனுக்கு எதிராக ஒரு படம் உலவிற்று. இந்த மனிதரிடம் நீங்கள் பழைய கார் வாங்குவீர்களா என்று அது கேட்டது. ஒருவரை அயோக்கியர் என்று சொல்ல அதற்கு மேல் வசவு அகப்படவில்லை!

ஆனால் நல்ல வியாபாரிகளும் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் ஏன் ஜெயிக்கவில்லை? இதற்கு விடை சொன்னவர் ஒரு பொருளாதார ஆசிரியர். ஜார்ஜ் அகெர்லாஃப், கலிபோர்னியாவிலே பெர்க்லி சர்வகலாசாலையில் 1966-67-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மோசமான காருக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'எலுமிச்சை'. கட்டுரையும் எலுமிச்சைகளின் சந்தையைப் பற்றியது.

அவர் சொன்னதை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். சந்தையில் நல்ல காரும் உண்டு, கெட்ட காரும் உண்டு. நல்லதன் மதிப்பு மூன்று லட்சம். கெட்டதன் மதிப்பு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று விற்கிறவனுக்குத் தெரியும்; வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவன் என்ன செய்வான்? நடுவிலே இரண்டு லட்சம் என்பான். நல்ல காரின் சொந்தக்காரர், "இரண்டு லட்சத்துக்கு விற்பதைவிட நானே ஓட்டுவேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். கெட்ட கார்க்காரர் மகிழ்ச்சியோடு நிற்பார். நல்லவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் வாங்குகிறவன் இன்னும் குறைத்துக் கேட்பான். மிச்சமிருக்கும் சுமாரான கார்களும் போய்விடும். கடைசியில் சந்தையில் நிற்பது எலுமிச்சை மட்டுமே. ஊரிலுள்ளவர்கள் எல்லோரும் அயோக்கியர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாமல் இருந்தாலே போதும்.

இந்தக் கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. இதெல்லாம் அற்ப விஷயம் என்று சொல்லிக்கூடத் திருப்பினார்கள். நான்காவது பத்திரிகையில் 1970-ல் வெளிவந்தது. 2001-ல் அவருக்கும் வேறு இருவருக்குமாக நோபல் பரிசு கிடைத்தது. கதையைத் திருப்பி அனுப்பும் பத்திரிகாசிரியர்களைப் பற்றி எழுத்தாளர்களாகிய எங்களுக்கு இதில் ஓர் அற்ப திருப்தி உண்டு, அது போகட்டும்.

நம்மவர்களுக்குச் சுவையான செய்தி வேறொன்று. அகெர்லாஃப் 1967-68-ல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு வருஷம் இருந்தார். அமெரிக்கக் கார்களைப் பற்றிய அந்தக் கட்டுரையிலேயே இந்தியக் கடைவீதி அரிசியும் வருகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல்லைக் கலந்து விற்கிறார்கள், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறார்கள் என்று உதாரணம் காட்டியிருக்கிறார். முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த நம் பாட்டிமார்கள், தங்களை அறியாமலே ஒரு பெரிய பொருளாதாரத் தத்துவத்துக்கு அத்தாட்சியாக விளங்கியிருக்கிறார்கள்!

பரிகாரமும் அந்தக் கட்டுரையிலே உண்டு: விற்கிறவன் உத்தரவாதம் கொடுப்பது, பெயர் கெடுமே என்று அஞ்சுகிற பெரிய கடையில் வாங்குவது, இத்தகையவைதாம். அமெரிக்காவில் சட்டமும் வந்தது. மீட்டரைத் திருப்புவது குற்றம் என்று 1972-ல் நாடு முழுவதற்கும் சட்டம் செய்தார்கள். தமக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளை வியாபாரி எழுதிக் காட்ட வேண்டும் என்று மத்திய வர்த்தகக் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. 1982-ல் காங்கிரஸின் இரண்டு சபைகளும் அதை ரத்து செய்தன. அப்படி ரத்து செய்வது செல்லாது என்று மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கடைசியில் 1985-ல் விதி அமுலுக்கு வந்தபோது, உத்தரவாதம் உண்டா இல்லையா என்று கண்ணாடியில் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது இருந்தது. தெரிந்த கோளாறைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் காணாமற் போயிருந்தது. விற்கிறவர்கள் எதைச் சொல்ல விரும்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. அம்பாஸடரும் ஃபியட்டும் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆண்ட காலத்தில், புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகையால் பழைய கார் புதுக் காரின் விலையைத் தாண்டியும் விற்றது. அதைக் குறை கூறி விலை பேச யாருக்குத் துணிச்சல் இருந்தது? 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகே அந்த நிலை மெல்ல மாறிற்று. தானியங்கிக் கார் மட்டும் நெடுங்காலம் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 2014-ல் மாருதியின் செலேரியோ வந்தது. அதிலே இருப்பது சாதாரண கியர் பெட்டிதான். கிளச்சை மிதிப்பதையும் கியரை நகர்த்துவதையும் ஒரு சிறு யந்திரம் செய்கிறது. இடது கால் இருந்த இடத்தில் ஒரு வேலைக்காரனை வைத்தாற் போல. விலை அதிகம் ஏறவில்லை. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அந்தக் கார்கள் இப்போது கை மாறுகின்றன.

ஆசிரியருக்கு நான் எழுதிய பதில் இந்தச் சரித்திரத்தின் சாரமே. எந்தக் கார் என்ன விலை என்று எழுதவில்லை. மை உலர்வதற்குள் அது மாறிவிடும்.

முதலில், பெட்டி எந்த ஜாதி என்று கேளுங்கள். நான்கு ஜாதிகள் உண்டு. எண்ணெயால் சக்தியைக் கடத்தும் பழைய ஜாதி, காலாகாலத்தில் எண்ணெய் மாற்றியிருந்தால் நெடுநாள் உழைக்கும். வார்ப்பட்டை ஜாதிக்கு மூலபுருஷர், ஹாலந்தில் 1958-ல் வந்த 'டாஃப்' என்ற சிறு கார். அதிலே ரப்பர் பட்டை, இப்போது உலோகம். ஓட்ட மிக மிருது. ஆனால் அதற்குரிய எண்ணெயைத் தவிர வேறு ஊற்றினால் பொறுக்காது, கெட்டால் செலவு பெரிது. இரட்டைக் கிளச் ஜாதி வேகக்காரர்களுக்கு உகந்தது. நின்று நின்று ஊரும் நகர நெரிசலில் சூடேறும். வேலைக்காரன் வைத்த ஜாதி கியர் மாற்றும்போது சற்றுத் தலையாட்டும். ஆனால் பெட்டி சாதாரணப் பெட்டி. தேய்வது பெரும்பாலும் கிளச்தான். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவும், எண்ணெய் மாற்றிய ரசீது உள்ள முதல் ஜாதியும் ஏற்றவை.

இரண்டாவது, காலையில் போங்கள். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பல கோளாறுகள் குளிர்ந்த வண்டியில் பேசும், சூடான வண்டியில் வாயை மூடிக்கொள்ளும். சில இதற்கு நேர் எதிர். ஆகவே அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றினால் உடனே பிடிக்க வேண்டும். யோசித்துவிட்டு 'டொக்' என்று பிடித்தால் விட்டுவிடுங்கள். மேட்டில் நிறுத்தி ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் கூவி, கார் நகராவிட்டால் உள்ளே வழுக்குகிறது என்று அர்த்தம். எண்ணெயைப் பார்க்க வழி இருந்தால் முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாசனை வரக்கூடாது.

மூன்றாவது, மீட்டரை நம்பாமல் மிதியை நம்புங்கள். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. ரிப்பேர் ரசீதுகளிலே ஓடிய தூரம் எழுதியிருக்கும். தேதி வாரியாக அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கேயும் இறங்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகின. மழைநீர் தேங்கும் ஊர்க் காரானால் கால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்; ஆசனத்துக்கு அடியில் துரு, இருக்கை வாரை முழுக்க இழுத்தால் வண்டல் கோடு. கம்பிகளுக்குள் தண்ணீர் புகுந்த தானியங்கிக் காரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நான்காவது, காகிதம். பதிவுப் புத்தகத்தில் பாங்கிக் கடன் பாக்கி நின்றால் ரத்து செய்த பிறகே பணம். பதினைந்து வருஷம் ஆகப்போகிற காரானால் மறுபதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார் வியாபாரிகள் பதிவு பெற வேண்டும் என்ற மத்திய சர்க்கார் விதி 2023 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கிறது. பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை.

ஐந்தாவதுதான் முக்கியம். மூன்று லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐம்பதாயிரத்தைத் தனியே வையுங்கள். பழைய காருக்கு முதல் வருஷம் சீதனம் கேட்கும் வழக்கம் உண்டு. அதிலிருந்தே ஒரு சிறு தொகையை, விற்கிறவருக்கு வேண்டியவராக இல்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கொடுத்து வண்டியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அகெர்லாஃப் சொன்ன நோய் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்திருப்பது. அதற்குச் சாமானியன் விலைக்கு வாங்கக்கூடிய மருந்து இந்த மெக்கானிக்தான். "பரிசோதிக்க விடமாட்டேன்" என்று விற்கிறவர் சொன்னால், பரிசோதனை முடிந்துவிட்டது என்று எண்ணி நன்றி கூறிவிட்டு வாருங்கள்.

புதுக் கார் வாங்கினாலும் சரி, கை மாறிய கார் வாங்கினாலும் சரி, நம் ஊரில் சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டியை எடுப்பது வழக்கம். அமெரிக்காவில் எலுமிச்சை மேல் ஏறி உட்காருகிறார்கள். நாம் எலுமிச்சை மேல் ஏறிப் போகிறோம். அந்தப் பழக்கத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வெளிச்சமான இடத்தில் கல் பொறுக்க வேண்டும். பாட்டிமார்கள் அரிசி வியாபாரியிடம் சண்டைக்குப் போனதில்லை. பொறுக்காமல் உலையில் போட்டதும் இல்லை.